கார் யாருடையது?

ஞாயிற்றுக்கிழமை காலை எலியட்ஸ் பீச்சில் வாக்கிங் போன என்னை எதிர் ஃபிளாட் பையன் மடக்கினான். "ஸார், ஒரு சந்தேகம். என் கார் என்னோடதா, பாங்க்கோடதா?"

வேதாந்தம் இல்லை. அவன் அப்பாவுக்கு வயசு 72. முக்திநாத் போகணும், அதுவும் பிள்ளை வாங்கின காரில்தான் என்று பிடிவாதம். பெசன்ட் நகரிலிருந்து கோரக்பூர், ஸொனௌலி வழியாக நேபாளம். காருக்கோ இன்னும் 39 தவணை பாக்கி.

"உன்னோடதுதாம்ப்பா. ஆனா அது மேல பாங்க் ஒரு கை வெச்சிருக்கு" என்றேன்.

அந்தக் கால ஹயர் பர்ச்சேஸில் கடைசித் தவணை கட்டும்வரை ஃபைனான்ஸ்காரர்தான் சொந்தக்காரர். இப்போது பாங்க் கடன் என்றால் பெரும்பாலும் ஹைபாதிகேஷன். வண்டி நமக்குச் சொந்தம், அதன் மேல் உரிமை பாங்க்குக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 51-ஆம் பிரிவுப்படி ஆர்.ஸி.யிலேயே இது ஏறிவிடும். வேறு மாநிலத்துக்கு வண்டியை மாற்ற என்.ஓ.ஸி. கேட்டாலே பாங்க்கின் சம்மதக் கடிதம் வேண்டும். நாடு தாண்டுகிற சமாசாரம், நாம் படிக்காமலே இருபது இடத்தில் கையெழுத்துப் போட்டோமே, அந்தக் கடன் ஒப்பந்தத்தில் இருக்கும். பாங்க்கைக் குற்றம் சொல்ல முடியாது. தவணை நின்றால் பெசன்ட் நகரில் வண்டியைத் தூக்கலாம். போக்ராவில் போய்த் தூக்க முடியுமா?

இன்ஷூரன்ஸும் எல்லையோடு நின்றுவிடும். கூடுதல் பிரீமியம் கட்டி நேபாளம், பூட்டான், பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு வரை நீட்டிக்கலாம். (மாலத்தீவுக்கு யார் கார் ஓட்டிப் போகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். கப்பலில் போகும்போது ஆகும் சேதம் இதில் சேராது!) நேபாள எல்லையில் 'பன்ஸார்' என்று சுங்கச் சீட்டு, நாள் கணக்கில் கட்டணம். ஐரோப்பா வரை ஓட்டுகிற சூரர்களுக்குத்தான் 'கார்னே' புத்தகம். வண்டி திரும்பி வராவிட்டால் அந்த நாட்டு இறக்குமதி வரிக்கு அதுதான் ஜாமீன். நேபாளத்துக்கு அது வேண்டாம்.

பையன் பாங்க்குக்குப் போனான். "பேசாம லோனை முடிச்சுட்டுப் போங்களேன்" என்றார்களாம். முடிக்கக் காசிருந்தால் லோன் எதற்கு? மூன்றாவது நடையில், போகிற தேதி, வருகிற தேதி எல்லாம் எழுதிக் கொடுத்து, ஒருவழியாக அனுமதிக் கடிதம் வாங்கி வந்தான்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"வண்டி போகலாம்னு போட்டிருக்கான். நான் போகலாம்னு யாருடா எழுதித் தரணும்?"

முக்திநாத் 3,700 மீட்டர் உயரம். வியாழக்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறான்.