தொப்புளைச் சுற்றி 14 ஊசி... அந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு புரதம்!

பெர்ன்ஹில்லில் பனி விலகாத ஒரு காலை. பால் வாங்கப் போன பத்து வயதுப் பையனின் கெண்டைக்காலில் தெருநாய் ஒன்று பல்லைப் பதித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வந்தவன் காலை யாரிடமும் காட்டவில்லை. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான். அவன் பயந்தது நாய்க்கு அல்ல, ஊசிக்கு.

“நாய் கடிச்சா தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்கடா!” என்று அம்மாச்சி எப்போதோ சொன்னது அவன் மனதில் அப்படியே இருக்கிறது.

அம்மாச்சி சொன்னது கட்டுக்கதை அல்ல. ஒரு காலத்தில் அப்படித்தான் போட்டார்கள். ஆனால், அந்த ஊசி இன்று இந்தியாவில் எங்குமே இல்லை. அது ஏன் வந்தது, ஏன் போனது என்று தெரிந்துகொண்டால் நம் நரம்புகள் எவ்வளவு நுட்பமானவை என்பதும் புரியும். அதற்கு பெர்ன்ஹில்லில் இருந்து ரொம்ப தூரம் போக வேண்டாம். மலை ரயில் தடத்தைப் பிடித்து குன்னூர் வரை இறங்கினால் போதும்.

குன்னூருக்கு வந்த மருந்து

1900-களின் தொடக்கத்தில் வெறிநாய்க்கடிக்கு இந்தியாவில் சிகிச்சை கிடைத்தது இமயமலை அடிவாரப் பக்கம் உள்ள கசௌலியில். தெற்கே ஒருவரை நாய் கடித்தால் நாட்டின் மறுகோடிக்குப் போக வேண்டும். 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலேயப் பெண் ரேபிஸ் நோயால் இறந்தார். தென்னிந்தியாவுக்கும் ஒரு சிகிச்சை நிலையம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் அளித்த நன்கொடை கைகொடுக்க, 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் செயல்படத் தொடங்கியது. சிம்ஸ் பூங்கா பக்கம் போகிறவர்கள் இன்றும் அந்தக் கட்டடத்தைப் பார்க்கலாம்.

1885-ல் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற சிறுவனுக்குக் கொடுத்த மருந்து, நோய் கண்ட முயலின் தண்டுவடத்தை உலர்த்தித் தயாரித்தது. ரேபிஸ் வைரஸ் நரம்பில்தான் செழித்து வளரும் என்பதால், மருந்தையும் நரம்பிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது. பிறகு 1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் இன்னொரு வழி கண்டார். ஆட்டின் மூளையில் வைரஸை வளர்த்து, ஃபீனால் சேர்த்து அதைச் செயலிழக்கச் செய்து, அந்த மூளைக் கரைசலையே ஊசியாகப் போடுவது. செலவு குறைவு, தயாரிப்பதும் சுலபம். மருந்தின் அளவு அதிகம் என்பதால் இடம் தாராளமாக உள்ள வயிற்றுப் பகுதியில் போட்டார்கள். காயத்தைப் பொறுத்து 14 நாள் வரைகூட தினம் ஒன்று!

வலித்தாலும் அந்த ஊசி கணக்கற்ற உயிர்களைக் காப்பாற்றியது. அதை மறக்கக் கூடாது.

ஆட்டு மூளையில் என்ன சிக்கல்?

ஆனால், சிலருக்கு விபரீதமான ஒன்று நடந்தது. ஊசி தொடங்கி ஒன்றிரண்டு வாரங்களில் கால் மரத்துப் போகும். எழுந்து நிற்க முடியாது. சிலருக்குப் பக்கவாதம் போல வந்தது. சிலர் இறந்தும் போனார்கள். அவர்களிடம் ரேபிஸ் நோய் இல்லை. நோயைத் தடுக்கப் போட்ட மருந்தே நரம்பைத் தாக்கியிருந்தது. சில ஆயிரம் பேரில் ஒருவருக்கு இப்படி ஆனது என்று சில இடங்களிலும், சில நூறு பேரில் ஒருவருக்கு என்று வேறு சில இடங்களிலும் கணக்கிட்டார்கள்.

மின்கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல நம் நரம்பு இழைகளின் மேலும் ஓர் உறை உண்டு. அதன் பெயர் மையலின். அந்த உறையைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதங்களில் ஒன்று, மையலின் அடிப்படைப் புரதம். ஆட்டுக்கும் மனிதருக்கும் இந்தப் புரதம் ஏறக்குறைய ஒரே மாதிரி.

ஆட்டு மூளையைத் திரும்பத் திரும்ப ஊசியில் ஏற்றினால் என்ன ஆகும்? உடலின் எதிர்ப்புச் சக்தி வைரஸை மட்டும் எதிரி என்று குறித்துக்கொள்ளாது. கூடவே வந்த இந்தப் புரதத்தையும் சிலருக்கு எதிரிப் பட்டியலில் சேர்த்துவிடும். பிறகு அதே புரதத்தை அவர்களின் சொந்த நரம்பில் பார்த்ததும் அங்கேயும் பாய்ந்துவிடும்.

1930-களில் அமெரிக்காவில் தாமஸ் ரிவர்ஸ் குழுவினர் குரங்குகளுக்கு முயல் மூளைச் சாற்றை மட்டும் பலமுறை செலுத்திப் பார்த்தார்கள். வைரஸ் இல்லாமலேயே குரங்குகளின் நரம்பு உறை சிதைந்தது. 1987-ல் வெளியான ஆய்வு ஒன்று, செம்பிள் ஊசிக்குப் பின் பாதிக்கப்பட்ட தாய்லாந்து நோயாளிகளிடம் இதே மையலின் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் காட்டியது. தென் அமெரிக்காவில் பிறந்த எலிக்குஞ்சுகளின் மூளையைப் பயன்படுத்தியபோது பாதிப்புகள் குறைந்தன. காரணம், குஞ்சுகளின் மூளையில் மையலின் இன்னும் சரியாக உருவாகியிருக்காது!

அழற்சிக்கு ஒரு கடிவாளம்

தேள் கொட்டிய இடம் சிவந்து, சூடாகி, வீங்கி வலிக்கிறதே, அதுதான் அழற்சி. உடலின் காவல்காரர்கள் அங்கே திரண்டு வந்ததற்கான அடையாளம். தோல் வீங்கினால் இரண்டு நாளில் வடிந்துவிடும். ஆனால், எலும்புக் கூட்டுக்குள் அடைபட்ட மூளை வீங்கினால் விரிய இடமில்லை. செத்துப்போன நரம்பு செல்லுக்குப் பதிலாகப் புதியது முளைப்பதும் மிக அரிது.

அதனால் நரம்பு செல்கள் அழற்சிக்கு எப்போதும் ஒரு கடிவாளம் போட்டு வைத்திருக்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் சிடி 200 என்றொரு புரதம் இருக்கிறது. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவுக்கு அது சொல்லும் சேதி ஒன்றுதான்: “இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது, அவசரப்படாதே!”

உண்மையிலேயே வைரஸ் உள்ளே புகுந்துவிட்டால் அபாயச் சங்கு ஊதவும் புரதங்கள் உண்டு. வைரஸ் புகுந்ததை உணர்ந்ததும் ஐ.ஆர்.எஃப் 3 என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் போய், இன்டர்ஃபெரான் தயாரிக்க உத்தரவிடும். இன்டர்ஃபெரான் அக்கம்பக்கத்து செல்களை எச்சரிக்கும். கடிவாளமும் வேண்டும், சங்கும் வேண்டும். இரண்டும் சமநிலையில் இருந்தால்தான் நரம்பு பிழைக்கும்.

சங்கை அடைக்கும் வைரஸ்

ரேபிஸ் வைரஸிடம் இருப்பது மொத்தமே ஐந்து புரதங்கள். அதில் ஒன்றான பி புரதம், ஐ.ஆர்.எஃப் 3 செயல்படுவதைத் தடுத்துவிடுகிறது. மீறி இன்டர்ஃபெரான் வந்தாலும், அதன் எச்சரிக்கை செல்லின் உட்கருவைச் சென்றடையாமல் மறிக்கிறது. கன்னம் வைக்க வந்த திருடன் முதலில் காவல் நாயின் வாயைக் கட்டுவது போலத்தான் இது.

கடித்த இடத்தில் நரம்புக்குள் புகும் வைரஸ், சத்தமில்லாமல் தண்டுவடம் வழியாக மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள். சிலருக்கு ஒரே வாரத்தில், சிலருக்கு ஓராண்டு கழித்துக்கூட அறிகுறி தெரியலாம். இந்த நோயால் இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்தால், நோயின் கொடுமையோடு ஒப்பிடும்போது அழற்சி எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே பல நேரங்களில் தெரியும். தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகும் கட்டம் வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை.

ஆக, ஒரு புரதம் தேவையில்லாத இடத்தில் அழற்சியைக் கூப்பிட்டது. இன்னொரு புரதம் தேவையான நேரத்தில் அழற்சியைத் தடுத்துவிடுகிறது. இரண்டுக்கும் பலியாவது நரம்புதான்.

இன்றைய ஊசி எப்படி?

தீர்வு எளிமையாக இருந்தது. மூளையே இல்லாமல் தடுப்பூசி செய்வது! குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்க்கப்படும் வீரோ செல்களில் வைரஸை வளர்த்து, செயலிழக்கச் செய்து, சுத்திகரிக்கிறார்கள். அதில் மையலின் இல்லை. குன்னூர் நிலையமும் இந்த முறைக்கு மாறியது. இந்தியாவில் ஆட்டு மூளைத் தடுப்பூசித் தயாரிப்பு 2004 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது.

இன்று ஊசி போடுவது புஜத்தில், கைக்குழந்தைகளுக்குத் தொடையில். தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28 ஆகிய நாள்களில் ஐந்து ஊசி. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 என நான்கே நாள்கள், ஒவ்வொரு முறையும் இரண்டு இடங்களில். அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

வைரஸ் நரம்புக்குள் ஒளிந்துகொள்ளும் முன்பே அதைப் பிடிக்க வேண்டும் என்பதால், நேரம்தான் இங்கே மருந்து.

• கடித்த உடனே குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். சோப்பு இந்த வைரஸின் கொழுப்பு உறையைக் குலைத்துவிடும்.

• மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் அப்பாதீர்கள்.

• அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டு நாய், நாய்க்குட்டி, பூனை கடித்தாலும் இதே விதிதான். நகக் கீறல் என்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

• ரத்தம் வந்த காயம் என்றால் இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்திலேயே செலுத்துவார்கள். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை காவல் இதுதான். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

• காயம் ஆறிவிட்டது என்று மிச்ச ஊசிகளை விட்டுவிடாதீர்கள்.

பெர்ன்ஹில் வீட்டில் அந்தப் பையன் இன்னும் கம்பளிக்குள்தான் இருக்கிறான். அவனை எழுப்பிக் குழாயடிக்குக் கூட்டிப் போக, பழைய கதையைச் சொன்ன அம்மாச்சியே போதும். “அந்தப் பதினாலு ஊசி எல்லாம் எங்க காலத்தோட போச்சுடா. இப்போ கையிலதான், எறும்பு கடிச்ச மாதிரி. எழுந்திரு, சோப்பை எடு!” என்று சொன்னால் எழுந்துவிடுவான்.