உங்கள் அணியை ஜூனில் கைவிடாதீர்கள்

மார்ச் வந்தால் பள்ளிக்கூடத்திலும் வேலைத்தளத்திலும் யாராவது ஒருவர் கேட்பார்: "எங்கள் ஃபான்டஸி லீக்கில் ஓர் இடம் காலியாக இருக்கு, வாறியா?" பேஸ்போல் அவ்வளவாகத் தெரியாது என்று நீங்கள் தயங்குவீர்கள். நான் சொல்கிறேன், போங்கள். ஆனால் போகமுன் இரண்டு விஷயத்தை மனதில் முடிவெடுங்கள். ஒன்று, பணம் கட்டாதீர்கள். மற்றது, செப்டம்பர் வரை நில்லுங்கள்.

நான் ரொறன்ரோவில் வளர்ந்தவன். வீட்டில் கிறிக்கெட், வெளியே புளூ ஜேய்ஸ். முதல் தடவை லீக்கில் சேர்ந்தபோது அப்பாவுக்கு விளங்கப்படுத்திப் பார்த்தேன். "தம்பி, நீ பந்து போடுறியோ? இல்லை. அடிக்கிறியோ? அதுவும் இல்லை. பிறகென்ன விளையாட்டு?" என்றார். நியாயமான கேள்விதான்.

விஷயம் இதுதான். உண்மையான வீரர்களைத் தெரிவுசெய்து நீங்கள் ஒரு கற்பனை அணி அமைக்கிறீர்கள். அவர்கள் மைதானத்தில் எடுப்பதெல்லாம் உங்கள் கணக்கில் சேரும். 1980இல் டானியல் ஒக்ரென்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் நியூயோர்க்கில் தொடங்கிய லீக்கில் இருந்துதான் இன்றைய வடிவம் வந்தது. அவர்கள் கூடிய உணவகத்தின் பெயரால் அதற்கு ரொட்டிசரி என்று பெயர் வந்தது. கணினி பரவலாக இல்லாத காலம். பத்திரிகையில் வரும் புள்ளிவிபரங்களைப் பார்த்துக் கையால் கூட்டினார்கள்.

இன்று பல லீக்குகளில் பத்துப் பிரிவுகள். அடிப்பவர்களுக்கு ஐந்து: ஓட்டம், ஹோம் ரன், ஆர்பிஐ, திருடிய பேஸ், சராசரி. பந்து எறிபவர்களுக்கு ஐந்து: வெற்றி, சேவ், ஸ்ட்ரைக்அவுட், ஈஆர்ஏ, விப். கடைசி இரண்டும் குறைவாக இருந்தால்தான் நல்லது. ஈஆர்ஏ என்பது, தடுப்பவர்களின் பிழையால் வந்த ஓட்டங்களை விட்டுவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ஓட்டம் கொடுக்கிறார் என்பது. விப் என்பது ஓர் இன்னிங்ஸுக்கு எத்தனை பேரை ஹிட்டாலோ வோக்காலோ பேஸுக்குப் போக விடுகிறார் என்பது. இவ்வளவு விளங்கினால் தொடங்கலாம்.

நான் விட்ட முதல் பிழை, டிராஃப்டில் ஏழு புளூ ஜேய்ஸ் வீரர்களை எடுத்தது. ஊர்ப்பற்று! ஜேய்ஸுக்கு ஓய்வு நாள் வந்தால் என் அணியில் பாதி படுத்திருக்கும். ஜேய்ஸ் ஒரு வாரம் சரியாக அடிக்காவிட்டால் நானும் சேர்ந்து மூழ்குவேன். பிடித்த அணியில் ஒருவர் இருவர் போதும். முதல் சுற்றுகளில் அடிப்பவர்களை எடுங்கள். பந்து எறிபவர்களின் தோளும் முழங்கையும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஹோம் ரன்னும் வேகமும் ஒரே ஆளிடம் கிடைப்பது அரிது. 2024இல் ஒஹ்டானி 54 ஹோம் ரன் அடித்து 59 பேஸ் திருடினார். அதற்குமுன் ஒரே பருவத்தில் 50-50 எட்டியவர் யாருமில்லை. ஆகவே இரண்டையும் வேறு வேறு ஆட்களிடமிருந்து சேர்க்கப் பழகுங்கள்.

ஆனால் என்னை இன்றும் உறுத்துவது இரண்டாவது பிழை. அப்போது நான் பகுதிநேரமாக ஒரு கடையில் வேலை செய்தேன். பன்னிரண்டு பேர், ஆளுக்கு இருபது டொலர். வாரத்துக்கு ஒருவரோடு மோதும் முறை. ஜூன் மாதம் நான் பதினோராவது இடம். இனி வெல்லமாட்டேன் என்று அணியைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன். மூன்று வீரர்கள் காயப்பட்டு, மாற்றப்படாமல் அப்படியே கிடந்தார்கள்.

கடைசி வாரம் என்னோடு மோதியவர் ஒன்பதுக்கு ஒன்று என்று வென்றார். அந்தச் சும்மா கிடைத்த வெற்றியால் அவர் ஆறாவது இடத்துக்கு ஏறி, பிளேஓஃபுக்குப் போனார். ஏழாவதாகத் தள்ளப்பட்டு வெளியே நின்றவர், எனக்கு இந்த விளையாட்டைச் சொல்லித்தந்த நண்பர். அவர் ஆறு மாதமும் ஒவ்வொரு காலையும் தன் அணியைப் பார்த்தவர். என்னிடம் கோபப்படவில்லை. "பரவாயில்லை" என்று ஒரு சொல் சொன்னார். அடுத்த வருடம் என்னைக் கூப்பிடவில்லை. அதுவும் நியாயந்தான்.

162 ஆட்டங்கள் கொண்ட நீண்ட பருவம் இது. தோற்கும் அணியையும் பார்த்துக்கொள்வது மற்றவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். காயப்பட்டவரை எடுத்து, இன்று ஆடுபவரைப் போட்டால் சரி.

பணம் ஏன் வேண்டாம் என்கிறேன்? இருபது டொலர் பெரிதல்லத்தான். ஆனால் ஒன்டாரியோவில் 2022 ஏப்ரலில் தனியார் இணையப் பந்தயச் சந்தை திறந்தபின், ஆட்டம் பார்க்கும் இடமெல்லாம் பந்தய விளம்பரம். வீரர்களின் எண்களைப் படிக்கப் பழகியவருக்கு, "எனக்குத்தான் தெரியுமே" என்ற நினைப்பு சுலபமாக வரும். எனக்கும் வந்தது. ஃபான்டஸியில் பிழைத்தால் ஒரு வாரம் போகும். பந்தயத்தில் பிழைத்தால் சம்பளம் போகும். யாகூ, ஈஎஸ்பிஎன் இரண்டிலும் இலவச லீக்குகள் உண்டு. அங்கே தொடங்குங்கள்.

போன வருடம் மச்சான்மாரும் நண்பர்களுமாக எட்டுப் பேர் இலவச லீக் ஒன்று நடத்தினோம். ஒரே ஒரு விதி: இரண்டு வாரம் அணியைப் பார்க்காதவர் எல்லோருக்கும் கொத்துரொட்டி வாங்க வேண்டும். யாரும் வாங்க வேண்டி வரவில்லை. நான் ஏழாவதாக வந்தேன். செப்டம்பர் கடைசி நாள் வரைக்கும் ஆட்களை மாற்றிக்கொண்டிருந்தேன்.

அப்பா இப்போதும் இதை விளையாட்டு என்று ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் காலையில் தேத்தண்ணியோடு வந்து, "உன்ர ஆள் நேற்று அடிச்சவனோ?" என்று கேட்கிறார்.