கடைசி பஸ் கற்றுக்கொடுத்த நேர மேலாண்மை

நேர மேலாண்மை பற்றி எழுதப் போகிறேன் என்றதுமே என் வகுப்பு நண்பர்கள் சிரிக்கும் சத்தம் இங்கே கேட்கிறது. சிரியுங்கள் மக்கா, சிரியுங்கள். லேட்டாக வந்தே பேர் வாங்கியவன்தான் நான். அதனால்தான் எழுதுகிறேன் :-)

போன வருஷ லீவில் ஊட்டியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் பில் என்ட்ரி போடும் வேலை. நம்ம ஊர் மசினகுடி. கல்லட்டி வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள். சாயங்காலம் கடைசி பஸ்ஸை விட்டால் கதை முடிந்தது.

ஒரு நாள் "முழு நாள் இருக்கே" என்று செல்போனும் அரட்டையும் டீயுமாகக் காலையை ஓட்டினேன். இரண்டு மணி நேர வேலை நாலு மணி வரை இழுத்தது. நாலரைக்கு சார் இன்னொரு கட்டு பில்லைப் போட்டு, "இன்னிக்கே முடிச்சிடுப்பா" என்றார். என் வேலையே பாக்கி இருந்தது, எந்த முகத்தோடு முடியாது என்று சொல்வது? பஸ் போய்விட்டது. செல்லிலும் சார்ஜ் இல்லை. நண்பன் ரூமுக்குப் போய் வீட்டுக்குப் பேசுவதற்குள், அப்பா பஸ் ஸ்டாப்பில் காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார். வழியில் யானை. பத்து மணி வரை டீக்கடையிலேயே உட்கார்ந்திருந்தாராம். அவர் திட்டவில்லை. "அடுத்த தடவை முன்னாடியே சொல்லிடு" என்றார், அவ்வளவுதான். அதுதான் இன்னும் உறுத்துகிறது. நான் வீணாக்கிய காலை நேரத்துக்கு ராத்திரியில் அவர் வட்டி கட்டினார்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு பார்க்கின்சன் விதி தெரிந்திருக்கும். சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த பார்க்கின்சன் 1955-ல் 'எகனாமிஸ்ட்' பத்திரிகையில் எழுதியது. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோமோ, அவ்வளவு நேரத்துக்கும் அது ஊதிக்கொள்ளும் என்பதுதான் சாரம். அவர் காட்டிய உதாரணம் பிரிட்டிஷ் கடற்படை. 1914-க்கும் 1928-க்கும் நடுவில் பெரிய போர்க்கப்பல்கள் 62-லிருந்து 20 ஆகக் குறைந்தன. தலைமை அலுவலக அதிகாரிகளோ 2000-லிருந்து 3569 ஆகப் பெருகினார்கள். கப்பல் குறையக் குறைய ஃபைல் கூடியிருக்கிறது!

இதற்கு மருந்து எங்க ஊர்ப் பக்கமே இருக்கிறது. பந்திப்பூர் காட்டு வழியாகப் போகும் மைசூர் ரோட்டில் 2009-லிருந்து இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. விதிவிலக்கு உள்ள சில வண்டிகள் தவிர மற்றவை கேட்டில் நிற்க வேண்டியதுதான். அந்த ரோட்டில் லாரி ஓட்டுகிறவர் "எப்போ கிளம்பலாம்" என்று யோசிப்பதில்லை. "எத்தனை மணிக்குள் கேட்டைத் தாண்டணும்" என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவார். கேட் இல்லாத வேலைக்கு நாமே ஒரு கேட் போட்டுக்கொள்ள வேண்டும். என் கேட் கடைசி பஸ்.

அதற்கப்புறம் நான் செய்தது ரொம்பச் சின்ன விஷயங்கள். நாளைக்கு முடிக்க வேண்டிய மூன்று வேலைகளை முந்தின நாளே துண்டுச் சீட்டில் எழுதினேன். அதில் கஷ்டமானதைக் காலையில் முதல் வேலையாக முடித்தேன். ஒரே மாதிரி பில்களைச் சேர்த்துப் போட்டேன். செல்லை (சார்ஜ் போட்டு!) பைக்குள் வைத்தேன். முக்கியமாக, "நாலரைக்குக் கிளம்பிடுவேன் சார், வேற வேலை இருந்தா மதியத்துக்குள்ள கொடுத்துடுங்க" என்று காலையிலேயே சொன்னேன். சார் ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் கொடுத்துவிட்டார்.

தப்பு என் பக்கம் மட்டும்தானா? இல்லை என்றுதான் சொல்வேன். ராத்திரி வரை உட்கார்ந்திருப்பவன்தான் உழைப்பாளி என்று நம்பும் ஆபீஸ்கள் நிறைய. ஊழியர் திறமையை நாற்காலி சூட்டை வைத்து அளந்தால், சாமர்த்தியசாலிகள் எல்லாம் மெதுவாக வேலை செய்யக் கற்றுக்கொள்வார்கள். சீக்கிரம் முடித்தவனுக்கு இன்னொரு கட்டு பில்தான் பரிசு என்றால் யார் சீக்கிரம் முடிப்பார்கள்?

என் நேரம் என்னுடையது மட்டும் இல்லை. அதன் மறுமுனையில் யாரோ ஒருவர் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார். மேனேஜ்மென்ட் புத்தகத்தில் இந்த வரி இல்லை. நாளைக்கு நாம் மேனேஜர் ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்வோம்.

சரி மக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. வரட்டா?