பச்சையைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

தட்டாஞ்சாவடியில் என் அக்காள் வீட்டுக் கொல்லையில் ஒரு தென்னை மரம். போன தடவை போயிருந்தபோது அக்காள் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "மட்டையெல்லாம் பச்சையாய்த்தானே இருக்கு? காய் மட்டும் ஏண்டி சிறுத்துப் போறது?" என்று கேட்டாள்.

பிஷாரடி ஞாபகம் வந்தது எனக்கு. 1970-ல் கேரளத்துத் தென்னைகளுக்கு வேர் வாடல் நோய் கண்டிருந்தது. விஞ்ஞானி பி. ஆர். பிஷாரடியின் குழுவினர் ஹெலிகாப்டரில் ஏறி, நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரைப் பிடிக்கும் பிலிமில் தோப்புகளைப் படம் எடுத்தார்கள். நல்ல இலை அந்தக் கதிரை ஏராளமாகத் திருப்பி அனுப்பும். ஆகையால் படத்தில் நல்ல மரம் குங்குமச் சிவப்பாக விழும். சீக்கு மரம் மங்கித் தெரியும். நம் நாட்டில் தொலையுணர்வுக் கலைக்குப் பிள்ளையார் சுழி போட்டது தென்னைதான், அம்மணி!

இன்று இதே வேலையைச் செயற்கைக்கோள்கள் வடதுருவத்தை அடுத்த தூந்திரப் பிரதேசத்தில் செய்கின்றன. மரமே வளராத பனிநாடு அது. பாசியும் புல்லும் குத்துச்செடியும்தான். செடிகள் கரியமில வாயுவை வாங்கிக்கொள்கின்றன. மண்ணில் மக்கும் சருகு அதைத் திருப்பி விடுகிறது. வரவு ஜாஸ்தியா, செலவு ஜாஸ்தியா என்பதுதான் கேள்வி. பச்சையை வைத்து வரவை ஒருவாறு சொல்லிவிடலாம். செலவு மண்ணுக்குள் அல்லவா நடக்கிறது? போதாததற்கு, அங்கே குளிர்காலத்தில் சூரியனே எட்டிப் பார்ப்பதில்லை. ஒளி இல்லாமல் எந்தப் பச்சையைப் பார்ப்பது? மண்ணோ அப்போதும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

அதனால் தரையில் கோபுரம் நட்டு, காற்று ஏறி இறங்குவதையும் அதிலுள்ள கரியமில வாயுவையும் விநாடிக்குப் பத்துத் தடவை அளக்கிறார்கள். நம் பக்கத்துப் பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டிலும் 2017-18-ல் இப்படி அளந்திருக்கிறார்கள். கோபுரம் தன்னைச் சுற்றிச் சில நூறு கஜத்துக்குத்தான் கணக்குச் சொல்லும். மிச்ச இடத்துக்கு அதைச் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தி மதிப்பிட வேண்டும்.

எதற்கு இத்தனை பாடு என்கிறீர்களா? வடக்கே உறைந்து கிடக்கும் மண்ணில் உள்ள கரி, ஆகாயம் முழுவதிலும் இருப்பதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. பனி இளகினால் அது மக்கி, வாயுவாகக் கிளம்பும். உலகம் இன்னும் சூடேறும். தூந்திரத்தின் பல பகுதிகள் முன்னைவிடப் பசுமையாகி வருவதாகப் படங்கள் காட்டுகின்றன. ஆனால் காட்டுத்தீயையும் சேர்த்துக் கூட்டினால் செலவே மிஞ்சுகிறது என்று 2024 டிசம்பரில் வந்த அமெரிக்க ஆர்க்டிக் அறிக்கை சொல்லிவிட்டது.

இத்தனையும் சொல்லி முடித்துத் திரும்பினால், அக்காளைக் காணோம். கடப்பாரையும் கையுமாக மரத்தடியில் வேரைத் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.