வலப்பக்கம் திரும்பாத வண்டிகள்

சாந்தோம் நெடுஞ்சாலையில் வலப்பக்கம் திரும்புவதற்காகக் காத்து நிற்கும் வண்டிகளை நாம் பார்க்கிறோம். வண்டி நின்றாலும் எஞ்சின் ஓடுகிறது, பெட்ரோல் வீணாகிறது. அமெரிக்காவின் யு.பி.எஸ். என்னும் பார்சல் நிறுவனம், எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கிடும் திருப்பங்களை இயன்றவரை தவிர்த்தே தன் வண்டிகளுக்கு வழி வகுக்கிறது. அங்கு அது இடப்பக்கத் திருப்பம், நமக்கோ வலப்பக்கம். சற்றுச் சுற்றிப் போனாலும் மிச்சமாம்!

ஆனால் வழியைத் திருத்தினால் மட்டும் போதுமா? காலையில் அம்மாவுக்கு மளிகை, மதியம் தம்பிக்குப் பந்து, மாலையில் நமக்கொரு பேனா என்று ஒரே வீட்டுக்கு மூன்று முறை வரவழைப்பவர்கள் நாம்தாமே? பைக்கில் கொண்டுவரும் அண்ணன்மாரில் பலர் பெட்ரோலைத் தம் கைக்காசில் போடுகிறார்கள். மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் என்ன? பேனாவுக்குக் கச்சேரி சாலைக் கடைவரை நாமே நடந்தும் போகலாம்.