ஆலோசகரை நியமிக்க உத்தரவு உண்டு. ஊதியம் தர நிதி எங்கே?

புதுடெல்லி: உயர்கல்வி மாணவர்களின் மனநலம் காக்கப்பட வேண்டும் என்பதில் நீதிமன்றம், மத்திய அரசு, பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஆகிய மூன்றும் ஒரே குரலில் பேசுகின்றன. ஆனால், அதற்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை. உத்தரவுகள் பெருகும் காலத்தில் ஒதுக்கீடுகள் சுருங்குவதே இன்றைய நிலை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2013இல் 8,423 மாணவர்கள் தற்கொலையால் உயிரிழந்தனர். 2023இல் இந்த எண்ணிக்கை 13,892. பள்ளி மாணவர்களும் அடங்கிய இக்கணக்கு, பத்தாண்டுகளில் சுமார் 65 விழுக்காடு உயர்ந்துள்ளது.

நீதிமன்றத்தின் தலையீடு:

உயர்கல்வி நிறுவனங்களில் நிகழும் மாணவர் தற்கொலைகளை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 24 அன்று அமைத்தது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்ற மாணவியின் மரணம் தொடர்பான மற்றொரு வழக்கில், அதே ஆண்டு ஜூலை 25 அன்று 15 வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் ஒவ்வொரு நிறுவனமும், தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்பது அவற்றுள் முக்கியமானது. முன்னதாக, மாணவர் சேவை மையங்கள் அமைக்குமாறு யுஜிசி 2023 ஏப்ரலில் அறிவுறுத்தியிருந்தது.

சுருங்கும் ஒதுக்கீடு:

மறுபுறம், நிதிநிலை அறிக்கைகள் வேறு கதை சொல்கின்றன. 2023-24இல் திருத்திய மதிப்பீட்டின்படி சுமார் 6,409 கோடி ரூபாயாக இருந்த யுஜிசி ஒதுக்கீடு, 2024-25 நிதிநிலை அறிக்கையில் 2,500 கோடியாகக் குறைக்கப்பட்டது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான நேரடி ஒதுக்கீடு அப்போது உயர்த்தப்பட்டது உண்மையே. ஆனால், மாணவர்களில் பெரும்பாலோர் பயில்வது மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றுடன் இணைந்த கல்லூரிகளிலும்தான்.

கட்டணமின்றி மனநல ஆலோசனை வழங்கும் 'டெலி மானஸ்' தொலைபேசித் திட்டத்துக்கும் இதே நிலை. 2023-24இல் சுமார் 134 கோடி ரூபாயாக இருந்த அதன் ஒதுக்கீடு 2024-25இல் 90 கோடியாகவும், 2025-26இல் சுமார் 80 கோடியாகவும் குறைந்தது. 2022 அக்டோபரில் தொடங்கிய இத்திட்டம் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகளைக் கையாண்டுள்ளது. நெருக்கடியான இரவில் அந்த எண் உயிர் காக்கக்கூடும். எனினும், ஒரு மாணவரைப் பருவம் முழுவதும் தொடர்ந்து சந்தித்து, துறைத் தலைவரிடமும் விடுதிக் காப்பாளரிடமும் அவருக்காகப் பேசும் பணியைத் தொலைபேசியால் செய்ய இயலாது.

தடயமில்லாத குறைப்பு:

பல்கலைக்கழகத்துக்கு நிதி நெருக்கடி ஏற்படும்போது நிரந்தரப் பணியாளர் ஊதியத்திலும் ஓய்வூதியத்திலும் கைவைக்க முடியாது. ஆலோசகர் பணியோ பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையிலானது. அல்லது பேராசிரியர் ஒருவருக்குக் கூடுதல் பொறுப்பாகத் தரப்படுவது. ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்காமல் விட்டால் போதும். பணிநீக்க ஆணையும் தேவையில்லை, எதிர்ப்பும் எழாது. தனிக் கணக்குத் தலைப்பு இல்லாததால், குறைப்பு எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை. பாதிக்கப்படும் மாணவரும் தம் துயரை வெளியே சொல்லத் தயங்குபவர். ஆலோசகர் இல்லை என்று மனு எழுத அவர் முன்வரமாட்டார்.

'ஒருவரையேனும்' என்ற விதியும் எண்ணிப் பார்க்கத்தக்கது. 20,000 பேர் பயிலும் பல்கலைக்கழகமும் ஒரே ஆலோசகரைக் கொண்டு அக்குறைந்தபட்ச நிபந்தனையை நிறைவேற்றியதாகக் கூறிவிடலாம். மாணவர் எண்ணிக்கைக்கேற்ற விகிதம் வேண்டும் என்று நீதிமன்றம் கூறியிருந்தாலும், அதற்கான செலவுக்கு நிதி ஆதாரத்தைத் தீர்ப்பு வரையறுக்கவில்லை.

செய்ய வேண்டியது என்ன?

ஆலோசகர் பணியிடங்களை அரசு அனுமதித்த நிரந்தரப் பணியிடங்களாக்குவதும், அதற்கென மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்தளிக்கும் தனி நிதியை ஒதுக்குவதும் முதல் தேவை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஆலோசகர்களின் எண்ணிக்கையையும் காலியிடங்களையும் ஆண்டுதோறும் வெளியிட்டால், சத்தமின்றி நிகழும் குறைப்புகள் வெளிச்சத்துக்கு வரும். தீர்ப்பு எத்தனை வலுவானதாயினும், மாணவர் கதவைத் தட்டும் நாளில் அறைக்குள் ஒருவர் இருக்கிறாரா என்பதைத் தீர்மானிப்பது நிதி ஒதுக்கீடே.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருப்பின் 'டெலி மானஸ்' 14416 என்ற எண்ணை நாட்டின் எப்பகுதியிலிருந்தும் 24 மணி நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.)