குற்றவாளி மெக்கானிக் அல்ல, காற்று!

"நேத்துதான் சர்வீஸ் பண்ணேன். முந்தலைத் தாண்டி மேடு ஏறினா வண்டி இழுக்க மாட்டேங்குது. மெக்கானிக் ஏமாத்திட்டான்!"

போடிநாயக்கனூர் டீக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் புகார் இது. பாவம் மெக்கானிக்! அவர் மேல் பழி போடுவது நியாயமா?

போடி இருப்பது ஆயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்குப் போனால் 4 ஆயிரம் அடிக்கு மேல். அங்கே காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கார்பரேட்டருக்கு இது தெரியுமா? கீழே கொடுத்த பெட்ரோலை ஏறக்குறைய அப்படியே மேலேயும் கொடுக்கும். விளைவு? கரும்புகை, கரி பிடித்த பிளக், இழுக்காத வண்டி!

உடனே நம்மவர்கள் ரோட்டோரம் நிறுத்தி ஏர் ஸ்குருவைத் திருகுகிறார்கள். வண்டி ஐடிலில் நிற்கும்போதும், ஆக்சிலேட்டரை லேசாகத் திறக்கும்போதும்தான் அந்த ஸ்குருவுக்கு வேலை. முழு ஆக்சிலேட்டரில் மேடு ஏறும்போது பெட்ரோலை அளந்து விடுவது மெயின் ஜெட். ஸ்குருவைத் திருகி என்ன பயன்?

சிலர் சின்ன ஜெட்டையே மாட்டிவிடுகிறார்கள். அதோடு இறங்கி வந்து தேனி வெயிலில் விரட்டினால் என்ஜின் கொதிக்கும். டூ ஸ்ட்ரோக் வண்டியென்றால் பிஸ்டனே இறுகிவிடும்!

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் புது பைக்குகளில் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன்தான். சென்சார் காற்றை அறிந்து பெட்ரோலைக் குறைத்துவிடும். ஆனால் ஏலத்தோட்டத்துக்கு ஓடும் பழைய மொபெட்டும், மருந்து அடிக்கும் பவர் ஸ்பிரேயரும் இன்றும் கார்பரேட்டரை நம்பித்தான் இருக்கின்றன. அது மக்கர் செய்தால் ஒரு நாள் கூலி போச்சு!

ஆகவே, வண்டி எங்கே ஓடப்போகிறது என்பதை மெக்கானிக்கிடம் முதலில் சொல்லுங்கள். மலையிலேயே ஓடும் வண்டிக்கு அதற்கேற்ற ஜெட் போடலாம். ஏறி இறங்கும் வண்டியை அப்படியே விட்டு, கியரைக் குறைத்து ஏறுங்கள். சும்மா கிடக்கும் ஸ்பிரேயரில் பெட்ரோலை வடித்து வையுங்கள். இல்லாவிட்டால் ஜெட் அடைத்துக்கொள்ளும்.

போடியில் 2012-ல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஊர் மெக்கானிக்குகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வகுப்பு வைத்தால் என்ன? காதால் கேட்டே ட்யூன் செய்யும் அந்தக் கைகளுக்குக் காற்றின் கணக்கையும் இன்ஜெக்ஷனையும் சொல்லிக் கொடுக்கட்டுமே!

கல்லூரி நிர்வாகம் கவனிக்குமா?